செவலையின் மடி

சினை மாடு ஏழு மாதம் தாண்டினால் பால் கறப்பதை நிறுத்திவிட வேண்டும். கடைசி இரண்டு மாதம் மடிக்கு ஓய்வு இல்லையென்றால் கன்று நோஞ்சானாகப் பிறக்கும், தாய்க்கும் ஆகாது. இது எனக்கும் தெரியும், என் வீட்டுக்காரர் சேனாபதிக்கும் தெரியும். நாங்கள் கோபிச்செட்டிபாளையத்துக்காரர்கள். தெரிந்துதான் என்ன பயன்?

இப்போது இருப்பது அமெரிக்காவில். ஃபிரிஸ்கோவுக்கு வடக்கே நாற்பது நிமிடத்தில் பத்து ஏக்கர், ஒரு தகரக் கொட்டகை, செவலை என்ற ஒரே ஒரு ஜெர்சி மாடு. அதன் பால் கோயில் அபிஷேகத்துக்கும் தெரிந்தவர்கள் வீடுகளுக்கும் போய்க்கொண்டிருந்தது. லாக்டவுன் வந்ததும் கோயிலைப் பூட்டினார்கள். கொத்தமல்லிக் கட்டையே சோப்புப் போட்டுக் கழுவுகிறேன், பால் கேனை எப்படித் தொடுவது என்று எங்களிடம் பால் வாங்கும் பர்வதம் போனில் வருத்தப்பட்டாள். கறந்து கொடுக்கும் ஹெக்டர் வீட்டில் எல்லோருக்கும் காய்ச்சல், அவரும் வரவில்லை.

ஆகவே மூன்று வாரமாகக் காலையும் மாலையும் நாங்களே கறந்தோம். தயிர், நெய், பன்னீர் என்று ஃபிரிட்ஜ் நிறைந்தது. மீதியை மரத்தடியில் ஊற்றும்போது என் வீட்டுக்காரர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். என் மணிக்கட்டு வீங்கி, தோசைக் கரண்டியைப் பிடிக்க முடியவில்லை. அவரோ கறக்கும்போதே மாட்டின் வயிற்றில் தலையைச் சாய்த்துத் தூங்கினார்.

இதற்குள் செவலைக்கு ஏழு மாதமும் ஆகிவிட்டது. மாட்டு டாக்டர் போனிலேயே சொன்னார். தீவனத்தை நிறுத்தி வைக்கோல் மட்டும் போடுங்கள், காம்பைத் தொடாதீர்கள், மூன்று நான்கு நாள் கத்தும், பிறகு தானாக வற்றிவிடும். ஒரு தடவை தொட்டாலும் முதலிலிருந்து ஆரம்பம்.

செவலை கத்தியது. வேலியோரம் வந்து சமையலறை ஜன்னலைப் பார்த்துக் கத்தியது. ஐந்து நாளாகியும் மடி கல்லாகவே இருந்தது. இப்படியே போனால் மடியில் நோய் வரும், கன்றும் தங்காது என்று டாக்டர் பயந்தார். யாராவது கறக்கிறீர்களா என்று கேட்டார். இவர் இல்லை என்றார். நானும் இல்லை என்றேன். லைனில் இருந்த மகன் நவநீத் விடவில்லை.

"அப்பா, உண்மையைச் சொல்லுங்க. கை வெக்கறீங்களா?"

அவர் போனை என்னிடம் கொடுத்துவிட்டுக் கை கழுவப் போனார்.

இரண்டாம் நாளிலிருந்தே, அவர் மத்தியானம் கண்ணயரும் நேரத்தில், சொம்பை எடுத்துக்கொண்டு போய் நாலு பீச்சு பீச்சிவிட்டு வந்துகொண்டிருந்தேன். கனம் குறையட்டும் என்றுதான். நாலு பீச்சு கறவையாகுமா?

ஆறாம் நாள் கொட்டகைக்குள் நுழைந்தால், காபி டப்பாவை முழங்காலில் இடுக்கிக்கொண்டு அவர் உட்கார்ந்திருக்கிறார்.

"ஏனுங்க, இது என்னங்க?"

"நாலே பீச்சு, அம்மிணி. நிக்க முடியாம நின்னுது." பிறகு என் கையைப் பார்த்தார். "நீ எங்க, சொம்பத் தூக்கிட்டு? கோயிலுக்கா?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. வைக்கோல் கட்டின் மேல் உட்கார்ந்துவிட்டேன். அவர் விடியற்காலையிலும் வந்திருக்கிறார். இரண்டு பேருமாகக் கன்றின் பங்கைப் பிழிந்துகொண்டிருந்திருக்கிறோம்.

"இங்கயே இருந்தா நம்மால முடியாது," என்றார்.

அன்று மாலை ஐந்து மணிக்கு அது கத்தத் தொடங்கியதும் காரில் ஏறிக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டோம். ஃப்ரீவேயில் ஒரு வண்டி இல்லை. பூட்டிய கோயிலின் பார்க்கிங்கில், நூறு வண்டி நிற்கும் இடத்தில், எங்கள் கார் மட்டும். அவர் விரல்கள் ஸ்டியரிங்கின் மேல் மூடி மூடித் திறந்தன. நான் கையை நீட்டிப் பிடித்துக்கொண்டேன். ஒரு மணி நேரம் அப்படியே இருந்துவிட்டுத் திரும்பினோம். மறுநாள் காலை ஐந்துக்கும் போனோம். அதன் பிறகு தினமும் இரண்டு வேளை.

அப்படிப் போகத் தொடங்கிய ஐந்தாம் நாள் மாலை காரில் ஏறிக் கதவைச் சாத்தினோம். சத்தமே இல்லை. செவலை வேலிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வைக்கோல் தின்றது. மடி சுருங்கித் தொங்கியது.

"வத்திருச்சு," என்றார். சாவியைத் திருப்பவில்லை.

இறங்கி வீட்டுக்குள் போக இருபது அடி. எங்கள் இருவராலும் முடியவில்லை. சீட்டைச் சாய்த்து, வாசலிலேயே, நிறுத்திய காரில் தூங்கிவிட்டோம்.