கழல மறுத்த திருகாணி

ஞாயிற்றுக்கிழமை முற்பகலில், சமையலறைக்குப் பின்னாலிருந்த சிமெண்டு முற்றத்தில், 'டக்' என்று ஒரு சிறு சத்தம் எழுந்தது. பால்பல் விழுந்தால் எழக்கூடிய சத்தமே அது. ஆயினும் அதைக் கேட்டதும், புத்தகம் கட்டும் தொழில் செய்யும் நூற்கட்டுநர் திருகுவதை நிறுத்திவிட்டார். அவர் கையிலிருந்த அலன் கீ என்னும் ஆறுமூலைச் சாவியின் நுனியில் ஒரு திருகாணியின் தலை மட்டும் வந்திருந்தது. அதன் உடல் சைக்கிளின் பின்சட்டத்துக்குள்ளேயே தங்கிவிட்டது.

சைக்கிள் அவருடையதன்று, அவர் மனைவியுடையது. மனைவி மருத்துவமனையில் செவிலியாகப் பணிபுரிபவர். படுத்த படுக்கையாய்க் கிடப்போரின் வீடுகளுக்கே சென்று புண்களுக்குக் கட்டுப்போட்டுவரும் பணியை அவர் ஐந்தாண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருந்தார். இப்போதுதான் கிடைத்திருந்தது. மறுநாள் காலை ஏழு மணிக்குச் சைக்கிளும் மருந்துப் பெட்டியுமாக அவர் மருத்துவமனை வாசலில் நிற்க வேண்டும். நிற்காவிட்டால், அந்தப் பணி பட்டியலில் அடுத்திருப்பவருக்குப் போய்விடும். வேறொரு சைக்கிளை இரவல் வாங்கலாமே என்றால், அதற்கும் வழியில்லை. செவிலியார் உயரத்தில் மிகவும் சிறியவர். ஊரிலுள்ள சைக்கிள்களில் ஏறினால் அவருடைய கால் அந்தரத்தில் ஊசலாடும். அளவெடுத்துச் செய்வித்த இந்தச் சட்டம் ஒன்றுதான் அவருக்குப் பொருந்தும்.

பெட்டிக்கு அகலமான கேரியர் தேவைப்பட்டது. புதிய கேரியரும் வந்திருந்தது. பழையதைக் கழற்றிப் புதியதை மாட்ட வேண்டியதுதான் பாக்கி.

"அரைமணி நேர வேலை. நீ போய்ப் பெட்டிய வாங்கிட்டு வா" என்று காலையில் மார்தட்டியிருந்தார் கட்டுநர்.

இடப்பக்கத் திருகாணி தலையை இழந்ததும், அவர் வலப்பக்கத்துக்குத் தாவினார். அங்கே திருகாணியின் தலையிலிருந்த ஆறுமூலைக் குழி, அவர் திருகிய திருகலில் வட்டக் குழியாகிவிட்டது. அதற்குமேல் அவர் திருகவில்லை. ஒரு மணி நேரம் எண்ணெய் ஊற்றிப் பார்த்தார், பயனில்லை. வேறு போக்கின்றிக் கொழுந்தியாளுக்குத் தொலைபேசினார்.

கொழுந்தியாள், அதாவது செவிலியாரின் தங்கை, இயந்திரப் பட்டறையில் லேத் ஓட்டுபவள். இரும்பைத் தவிர வேறெதற்கும் மரியாதை தராதவள். கருவிப்பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தவள், செய்தித்தாள்மேல் தலைகீழாகக் கிடந்த சைக்கிளையும், எண்ணெய்க் கறையோடு குத்தவைத்திருந்த அத்தானையும் மாறிமாறிப் பார்த்தாள்.

"என்ன அத்தான், போஸ்ட்மார்ட்டமா? உயிர் இருக்கும்போதே அறுத்துட்டீங்க போலிருக்கே!"

"கிண்டலெல்லாம் அப்புறம் வச்சிக்கோ, தாயே. உங்க அக்கா வர்றதுக்குள்ள எப்படியாவது எடுத்துக் குடு."

"எடுத்துட்டா எனக்கு என்ன தருவீங்க?"

"கேக்குறத தர்றேன்."

"அப்ப இந்தத் தடவ என் பொறந்தநாளுக்குப் பசை போட்டு ஒட்டின எதையும் தராதீங்க. அது போதும்."

அவள் அப்படிச் சொன்னதற்குக் காரணம் இருந்தது. நகர நூலகத்தின் நூற்கட்டுப் பிரிவில் இருபத்திரண்டு ஆண்டுகள் வேலை பார்த்தவருக்கு, உலகத்தில் பசையைப் போல் நம்பத்தக்க பொருள் வேறில்லை. அவர் வீட்டில் குடையின் பிடி, சுவர்க்கடிகாரத்தை மாட்டும் காது, மேசையின் மூன்று கால்கள் யாவும் பசையின் தயவில் வாழ்ந்துகொண்டிருந்தன. மேசை நகர்த்தப்பட்டால் தரையும் கூடவே வரும் என்பது கொழுந்தியாளின் வாக்கு.

அவள் வேலையில் இறங்கினாள். பின்சக்கரத்தைக் கழற்றி ஓரமாக வைத்தாள். வலப்பக்கத் திருகாணியின் தலையில் இரும்பறுக்கும் வாளால் நேர்க்கோடாக ஒரு பள்ளம் வெட்டி, அதில் பெரிய திருப்புளியைப் பொருத்தி, முழங்கையை விலாவோடு ஒட்டிக்கொண்டு திருப்பினாள். மீண்டும் 'டக்'. அந்தத் தலையும் கையோடு வந்துவிட்டது.

"இப்ப ரெண்டும் மொட்டை" என்றாள் அமைதியாக, பழைய கேரியரை உருவி ஓரமாக வைத்தபடி.

கட்டுநர் தம் தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

அந்நேரம் பார்த்து வாசற்கதவு திறந்தது. செவிலியார் வெள்ளை மருந்துப் பெட்டியைக் குழந்தையைப் போல் அணைத்தபடி உள்ளே வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. பெட்டியின்மேல் அவர் பெயரை எழுதி ஒட்டியிருந்தார்கள். அதைக் காட்டத்தான் முற்றத்துக்கே நேராக வந்தார். வந்தவர் சைக்கிளைப் பார்த்தார். சிரிப்பு வடிந்துவிட்டது.

"என்னங்க இது?"

"ஒண்ணுமில்லம்மா. ரெண்டு திருகாணி கொஞ்சம் அடம்பிடிக்குது."

"அடமா? தலையவே காணோமேங்க!"

"அக்கா, நீ உக்காரு" என்றாள் தங்கை. "இன்னும் வழி இருக்கு."

அவள் ஒடிந்த திருகாணியின் நடுப்புள்ளியைக் கூராணியால் தட்டிக் குறித்து, மெல்லிய டிரில்லால் ஒரு சிறு துளையிட்டாள். பிறகு கருவிப்பெட்டியிலிருந்து துணியில் சுற்றிய ஓர் எஃகு ஊசியை எடுத்தாள். அதன் உடம்பில் புரிகள் இடப்பக்கமாகச் சுற்றியிருந்தன. துளைக்குள் இறக்கி இடப்பக்கம் திருப்பத் திருப்ப, அது திருகாணியை உள்ளிருந்தே பற்றிக்கொண்டு வெளியே கொண்டுவரும்.

"இதுல ஒரே ஒரு ஆபத்து இருக்குக்கா. இந்த ஊசி உள்ள ஒடிஞ்சா அதோட கத முடிஞ்சுது. இத எந்த டிரில்லும் துளைக்காது. சட்டத்த அறுத்துத்தான் எடுக்கணும்."

செவிலியார் பெட்டியை மடியில் வைத்து இறுகப் பிடித்துக்கொண்டார்.

"ஆனா எனக்கு ஒண்ணுதான் புரியல" என்று தங்கை தொடர்ந்தாள். சட்டத்தின் உட்புறத்தில், திருகாணியின் வால் எட்டிப்பார்க்கும் இடத்தை நகத்தால் சுரண்டினாள். "துருவே இல்ல. துருவா இருந்தா ஊத்தின எண்ணெய்க்கு இந்நேரம் இளகியிருக்கணும். இங்க என்னவோ மஞ்சளா, கண்ணாடி மாதிரி... பெயிண்டா இருக்குமோ? சரி, பாத்துக்கலாம்."

கட்டுநருக்கு நாக்கு மேலண்ணத்தோடு ஒட்டிக்கொண்டது. அந்த மஞ்சள் என்னவென்று இந்த முற்றத்தில் ஒருவருக்குத்தான் தெரியும்.

இரண்டாண்டுகளுக்கு முன் யாரோ ஒரு கைகாரன் இந்தச் சைக்கிளிலிருந்து கேரியரை மட்டும் கழற்றிக்கொண்டு போய்விட்டான். செவிலியார் இரண்டு நாள் பேசாமலிருந்தார். திருடுபோனதற்குப் பதிலாக ஒன்று வாங்கி மாட்டியபோது, கட்டுநர் இரு திருகாணிகளின் புரிகளிலும், கலந்து பூசினால் கல்லாய் இறுகும் இரட்டைக்குழாய்ப் பசையைத் தாராளமாகப் பூசிவிட்டார். இனி எவனும் கழற்ற முடியாது என்று அன்றைக்கு அவருக்குப் பெருமிதம். ஆனால் அதற்கும் முன்பே, "வீட்ட என்னவோ பண்ணிக்கோங்க, என் சைக்கிளுக்கு மட்டும் உங்க பசை வரக்கூடாது" என்று மனைவி அவரிடம் வாக்கு வாங்கியிருந்தார். ஆகவே பூசியதைச் சொல்லவில்லை. நாளடைவில் தமக்கே மறந்தாற்போல் இருந்தார். காலையில் முதல் தலை ஒடிந்தபோது நினைவு வந்தது. வந்த நினைவை எண்ணெய் ஊற்றி மூழ்கடித்தார்.

கொழுந்தியாள் ஊசியைத் துளைக்குள் இறக்கினாள். கைப்பிடியை மாட்டினாள். மூச்சைப் பிடித்தாள்.

"நிறுத்து!" என்று கத்தினார் கட்டுநர்.

இரு சகோதரிகளும் ஒருசேரத் திரும்பினார்கள்.

"அது பெயிண்ட் இல்ல" என்றார் அவர். குரல் கீழே இறங்கியது. "பசை."

கொழுந்தியாள் கைப்பிடியோடு ஊசியை மெல்ல வெளியே எடுத்தாள்.

"யார் போட்டது?" என்றார் செவிலியார்.

"நான்தான்."

"எப்ப?"

"ரெண்டு வருஷம் ஆச்சு. கேரியர் திருடு போச்சே, அப்ப. நீ வேண்டாம்னு சொன்னது ஞாபகம் இருந்துது. இருந்தும் போட்டேன்."

செவிலியார் எழுந்து வந்து அவருக்கு எதிரே நின்றார். நின்றும் அவர் தோள்வரைதான் வந்தார். கட்டுநருக்கோ அவர் மலைபோல் தெரிந்தார்.

"வேற எங்கெல்லாம் போட்டீங்க?"

"பெல்லுக்கு."

"அப்புறம்?"

"கொஞ்சம்... செயின் கவருக்கு."

"சீட்டுக்கு?"

"ஐயோ, சீட்டுக்குப் போடல! போடணும்னு நெனச்சேன். பசை தீர்ந்துபோச்சு."

கொழுந்தியாள் வெடித்துச் சிரித்தாள். சிரித்த சிரிப்பில் கைப்பிடி நழுவித் தரையில் விழுந்தது. செவிலியார் உதட்டைக் கடித்துக்கொண்டு முகத்தைக் கடுமையாக வைத்துக்கொள்ளப் பெரும்பாடு பட்டார். மூக்கின் வழியாகச் சிரிப்பு பீறிட்டதும் தோற்றுப்போனார்.

"உங்கள வச்சுக்கிட்டு நான் என்னங்க பண்றது! அவ ஊசிய ஒடிச்சிருந்தா?"

"அதான் சொல்லிட்டேனே."

"கடைசி நிமிஷத்துல சொன்னீங்க."

"சொன்னேனா இல்லையா?"

"அத்தான், சண்டைய அப்புறம் போடுங்க" என்று குறுக்கிட்டாள் கொழுந்தியாள். "பசைன்னா எண்ணெய்க்கு மசியாது. சூடு காட்டணும். ஆனா நெருப்ப காட்டினா பெயிண்ட் கருகிடும். பட்டறைக்குப் போய்..."

"பட்டறையெல்லாம் வேண்டாம்." கட்டுநரின் முதுகு நிமிர்ந்தது. காலையிலிருந்து முதன்முறையாக அவர் தமக்குத் தெரிந்த ஊருக்குள் நுழைந்திருந்தார். "அந்தப் பசை எந்தச் சூட்டுல இளகும்னு எனக்குத் தெரியும். கெட்டுப்போன பைண்டிங்க நான் எத்தன பிரிச்சிருக்கேன்!"

உள்ளே ஓடினார். புத்தகங்களின் முதுகில் பொன்னெழுத்துப் பதிக்கும் பித்தளை அச்சுகள் அவருடைய வேலையறையில் வரிசையாக இருந்தன. அவற்றுள் புள்ளி வைக்கும் அச்சுக்குத்தான் நுனி மிகச் சிறியது. திருகாணியின் அகலத்தைத் தாண்டாது. அதை மின்னடுப்பில் காயவைத்து, மரப்பிடியைப் பிடித்து எடுத்துவந்தார். மனைவி அதற்குள் ஒரு துணியை நனைத்துச் சட்டத்தின் வண்ணப்பூச்சு கருகாதபடி சுற்றியிருந்தார். புண்ணைச் சுற்றிக் கட்டுப்போட்ட நேர்த்தி அதில் தெரிந்தது. கட்டுநர் அச்சின் நுனியை ஈரத்துணியில் ஒருமுறை தொட்டு, எழுந்த சீறலைக் காதுகொடுத்துக் கேட்டார்.

"இன்னும் கொஞ்சம் வேணும்" என்று திரும்பிப் போனார்.

"காதாலயா சூடு பாக்குறாரு?" என்றாள் தங்கை.

"அவருக்குக் கண்ணவிடக் காது நல்லா கேக்கும்" என்றார் அக்கா. தாம் சொன்னது தமக்கே விளங்காமல் மறுபடி சிரித்தார்.

அடுத்த முறை சீறல் சரியாக இருந்தது. அச்சின் நுனியை ஒடிந்த திருகாணியின்மேல் ஊன்றி, நூறு வரை எண்ணினார். அச்சை மீண்டும் காயவைத்து வந்து இன்னொரு நூறு எண்ணினார். பழகிய காட்டமான நெடி எழுந்தது. "இப்ப!" என்றார்.

கொழுந்தியாள் ஊசியை இறக்கி, இடப்பக்கம் அழுத்தினாள். ஒன்றும் அசையவில்லை. இன்னும் ஒரு மயிரிழை அழுத்தினாள். திருகாணி முனகியது, மூவரும் அந்த முனகலைக் கேட்டார்கள். பிறகு அது கால் சுற்றுச் சுற்றியது, அரைச் சுற்று, அதற்குப்பின் விரலாலேயே திருப்புமளவுக்கு இளகி, மஞ்சள் தூசியை உதிர்த்துக்கொண்டு வெளியே வந்தது.

"பொறந்துடுச்சு!" என்று கூவினார் செவிலியார்.

இரண்டாவது திருகாணிக்குக் கால்மணி நேரம்கூட ஆகவில்லை. சட்டத்திலிருந்த இரு துளைகளின் புரிகளும் பழுதின்றி இருந்தன. கொழுந்தியாள் அவற்றைத் துடைத்து, புதிய திருகாணிகளுக்குக் கிரீஸ் தடவினாள். செவிலியார் தாமே அலன் கீயை வாங்கிப் புதிய கேரியரை முறுக்கினார். கட்டுநர் அருகே நின்று கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். அப்படிக் கட்டிக்கொள்ளும்படி உத்தரவாகியிருந்தது.

சக்கரத்தையும் மாட்டிச் சைக்கிளைத் தெருவில் நிறுத்தியதும், செவிலியார் கேரியரைத் தட்டிப் பார்த்தார். பிறகு கணவரைப் பார்த்தார்.

"ஏறுங்க."

"நானா?"

"பெட்டி எட்டு கிலோ. நீங்க எழுபது. உங்களத் தாங்கினா நாளைக்கு எனக்குக் கவலையில்ல."

"திருகாணி கழண்டுக்கிட்டா?"

"கழண்டா விழப்போறது நீங்கதானே!"

"ஏறுங்க அத்தான், பெண்டாட்டி கூப்பிடுறா" என்றாள் கொழுந்தியாள். "விழுந்தாலும் கவலையில்ல, வீட்டுல பசை இருக்கு."

கட்டுநர் கேரியரில் பக்கவாட்டில் உட்கார்ந்து, முழங்கால்களை மடக்கித் தூக்கிக்கொண்டார். செவிலியார் எழும்பி எழும்பி மிதித்தார். சைக்கிள் முதலில் தள்ளாடியது, பிறகு நேர்ப்பட்டது. எதிர்வீட்டு ஓவிய ஆசிரியர் வாளியோடு நின்று வாய்பிளந்தார். கட்டுநர் அவருக்குக் கையசைக்கவில்லை. குனிந்து இடப்பக்கத் திருகாணியைப் பார்த்துக்கொண்டும், அந்தப்புறம் சாய்ந்து வலப்பக்கத் திருகாணியைப் பார்த்துக்கொண்டும் வந்தார்.

"ஆடாம உக்காருங்க!" என்று முன்னாலிருந்து அதட்டல் வந்தது.

இரண்டாவது திருப்பத்தில் அவர் குனிவதை நிறுத்திவிட்டார். மனைவியின் முதுகுக்கு மேலாகத் தெரு விரிந்து வந்துகொண்டிருந்தது. வீட்டுக்குத் திரும்பும் சந்து கண்ணில் பட்டது. செவிலியார் அதில் திரும்பாமல் நேரே விட்டார். கட்டுநரும் ஏனென்று கேட்கவில்லை.