ராணி நீட்டிய கிண்ணம்

பூந்தமல்லிக் கொட்டகையில் எத்திராஜ்தான் ராஜபார்ட். நாடகக் கம்பெனியும் அவனுடையதே. மனைவி தாட்சாயிணி ராணியாகவும் தம்பி வீராசாமி மந்திரியாகவும் நடித்தார்கள். ராணியும் மந்திரியும் கூடிச் சதி செய்து ராஜாவுக்குப் பாலில் விஷம் வைக்கும் கதை. யுத்த காலம், விளக்குக்கு மண்ணெண்ணெய் இல்லாததால் பகலிலேயே நாடகம் போட்டார்கள்.

மாசி மாதம் எத்திராஜுக்குத் தொண்டை கட்டியது. மேல்ஸ்தாயிக்குப் போனால் குரல் பிளந்தது. தாட்சாயிணி வேளை தவறாமல் கஷாயம் கொடுத்தாள். குடிக்கக் குடிக்க இன்னும் மோசமானது.

ஒருநாள் படுதாவுக்குப் பின்னால் ராஜாவின் பாட்டு கேட்டது. பாடியவன் வீராசாமி. தாளம் போட்டவள் தாட்சாயிணி.

"அவருக்குத் தெரியவே கூடாது தம்பி," என்றாள்.

எத்திராஜ் சத்தமில்லாமல் விலகிப் போனான். அன்று முதல் கஷாயத்தை மண்ணில் கொட்டினான். சோற்றில் ஓர் உருண்டையை நாய்க்கு வைத்துப் பார்த்த பிறகே சாப்பிட்டான்.

அடுத்த ஒத்திகையில் ராணி கிண்ணத்தை நீட்டினாள். எப்போதும் அது வெறும் கிண்ணம். அன்று அதில் நிஜமாகவே பால் இருந்தது.

"இன்னா இது?"

"மொளகும் பனங்கல்கண்டும் போட்ட பாலு. கஷாயத்தத்தான் கொட்டிகினு கீறீங்களே, இதையாவது குடிங்க."

"வீராசாமி, நீ குடிடா."

ஆர்மோனியம் நின்றது. "நானா? இன்னாத்துக்கு அண்ணாத்தே?"

"ராஜா பாட்டு மட்டும் கத்துகினா போதுமா? இதையும் கத்துக்கோ."

தாட்சாயிணிக்குப் புரிந்துவிட்டது. கிண்ணத்தை வாயில் வைத்து ஒரே மூச்சில் குடித்தாள்.

"உங்க தொண்ட ஒடஞ்சா அவன் படுதாவுக்குப் பின்னால பாடுவான், நீங்க வாயசைச்சா போதும்னுதான் சொல்லிக் குடுத்தேன். ஒங்களுக்கு ரோஷம் வருமேன்னு மறைச்சேன்."

எத்திராஜ் அவள் முகம் மாறுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தான். அதை அவளும் கண்டுகொண்டாள்.

தாய்வீடு திருவேற்காட்டில். மதியத்துக்குள் மூட்டை கட்டிவிட்டாள். துணைக்கு வீராசாமி மாட்டு வண்டியில் ஏறினான். மன்னிப்புக் கேட்க எத்திராஜுக்கு வாய்வரை வந்தது, கேட்கவில்லை.

பொழுது சாய்வதற்குள் வண்டி வெறுமையாகத் திரும்பியது. எத்திராஜ் வண்டிக்காரனைத் தனியே அழைத்துப்போனான்.

"ரெண்டு பேரும் எப்டி குந்திகினு போனாங்க?"

"அந்தம்மா உள்ள அழுதுகினே வந்துச்சு. தம்பி முன்னால எம் பக்கத்துல குந்திகினு வந்தாரு. இனிமே கம்பெனிக்கு வரமாட்டேன்னு சொல்லச் சொன்னாரு."

எத்திராஜ் அவனை ஏற இறங்கப் பார்த்தான்.

"இப்டிச் சொல்லுன்னு ஒனக்கு யாரு சொல்லிக் குடுத்தது?"