குச்சிக்கு எட்டாத உயரம்

காற்றுக்காகத்தான் திறந்திருப்பான். வேறு எதற்கு? மெஷின்கள் ஓட ஆரம்பித்தால் உள்ளே புழுங்கும், இஸ்திரிப் பெட்டியின் சூடு வேறு.

கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து செருப்பு வாரை மாட்டிக்கொண்டே அவள் தனக்குள் இப்படிச் சொல்லிக்கொண்டாள். சந்துப் பக்கத்து ஜன்னலின் கொக்கி விலகியது அவளுக்குக் கேட்டிருந்தது. மரக்கதவு வெளிப்புறமாக விரிந்து நின்ற முனகலும் கேட்டது. அதன்பின் இடது செருப்பைத் தேய்த்து நடக்கும் நடை. தம்பியின் நடை. மெஷின்கள் இன்னும் ஓடவில்லை என்பதும், காலைக் குளிரில் தன் கைகள் சில்லிட்டிருந்ததும் அவளுக்குத் தெரியாமல் இல்லை.

வீட்டின் முன்னறையில் இருந்த அந்தத் தையல் கடை ஒரு காலத்தில் அவளுடையது. துணி வெட்டுவதில் அவள் கை தப்பியதே இல்லை. கண்ணை நோய் தின்ற பிறகு கத்தரி தம்பியிடம் போயிற்று. அவளுக்குச் சட்டைகளுக்குப் பட்டன் தைக்கும் வேலை வந்தது. தம்பி மனைவி ஊசிகளில் நூல் கோத்து வைத்துவிட்டுப் போவாள். பொழுது சாய்வதற்குள் குவியல் முடிந்திருக்க வேண்டும். வெளிச்சம் மட்டும் பனிமூட்டம்போல இன்னும் அவளுக்குத் தெரியும். ஆனால் அவள் அறையின் பல்பைத் தம்பி மனைவி கழற்றிவிட்டாள். "உங்களுக்கு எதுக்கு அண்ணி லைட்டு?"

பார்வையற்றோர் உதவி மையத்திலிருந்து ஒரு பெண் வாரந்தோறும் வந்து அவளுக்குக் குச்சி பிடித்து நடக்கப் பழக்கினாள். முதல் நாளே வீட்டாரிடம் சொல்லியிருந்தாள்: "குச்சி தரையில இருக்கறதைத்தான் காட்டிக்கொடுக்கும். முகத்துக்கு நேரா நீட்டிட்டு நிக்கறது அதுக்குத் தெரியாது. இந்தச் சந்து ஜன்னலை மட்டும் எப்பவும் சாத்தியே வைங்க." தம்பிதான் அன்றைக்கே கொக்கி வாங்கி வந்து மாட்டினான்.

இன்று தேர்வு. தெருமுனைப் பஸ் நிறுத்தம் வரை தனியாகப் போய்த் திரும்ப வேண்டும். முடித்துவிட்டால் அடுத்தது பஸ் பயணம். அதற்குப் பிறகு மையத்தில் தொலைபேசி எடுத்துப் பேசும் வேலை.

பயிற்சியாளர் வந்ததும் தம்பியிடம் கேட்டாள், "இவங்க ராத்திரி நல்லாத் தூங்கினாங்களா?"

"தூங்கினேன்" என்று அவளே சொன்னாள்.

"அண்ணிக்கென்ன, கண்ணை மூடினாலும் திறந்தாலும் ஒண்ணுதானே!" என்று தம்பி மனைவி சிரித்தாள். பயிற்சியாளரும் மரியாதைக்குக் கொஞ்சம் சிரித்தாள்.

அவள் சந்தில் இறங்கினாள். குச்சி சுவரோரம் தட்டிக்கொண்டு முன்னே போயிற்று. பயிற்சியாளர் வெளிக்கதவருகே தெருவைப் பார்த்தபடி காத்திருந்தாள். ஜன்னல் நெருங்கியது. இடது கையை முகத்துக்கு முன் உயர்த்தினால் போதும், அதையும் கற்றுக்கொடுத்திருந்தார்கள். ஆனால் கையை உயர்த்தினால், தம்பி வேண்டுமென்றேதான் திறந்தான் என்று அவள் நம்பிவிட்டதாக ஆகும். அதை நம்பிவிட்டு இந்த வீட்டில் எப்படிச் சாப்பிடுவது, எப்படித் தூங்குவது? இல்லை, மறுபடி சாத்தியிருப்பான். அவள் கையை உயர்த்தவில்லை.

கதவின் முனை நெற்றியைக் கிழித்தது. அவள் குப்புற விழுந்தாள்.

"ஐயோ, ரத்தம்!" தம்பி மனைவி அவளைத் தூக்கி உட்கார வைத்து, வெட்டுத்துணி ஒன்றைக் கொண்டுவந்து நெற்றியில் அழுத்தினாள். "சட்டைத் துணி மேல பட்டுறப் போகுது, உள்ள கூட்டிட்டு வராதீங்க."

"நான்தான் அப்பவே சொன்னேனே மேடம், இவங்களால முடியாதுன்னு" என்றான் தம்பி.

"ஜன்னலை யாரு திறந்தது?"

"அக்காதான். காத்துக்குத் திறந்துட்டு மறந்திருப்பாங்க. இப்பல்லாம் மறதி ஜாஸ்தி."

பயிற்சியாளர் மூச்சு விட்டாள். பழி தன்மேல் இல்லை என்ற நிம்மதி அதில் இருந்தது. "அப்படின்னா இதோட நிறுத்திக்கலாம். ஆனா அவங்களே வாய் திறந்து சொல்லணும்."

தம்பி அவள் முன்னால் குந்தி, அவள் முழங்காலில் கை வைத்தான். குரல் பாகாய் உருகியது. "சொல்லுக்கா. நான்தான் திறந்தேன், எனக்கு இது போதும்னு சொல்லு. உனக்கு இங்க என்ன குறை? உட்கார்ந்த இடத்துக்குச் சாப்பாடு வருது." பிறகு காதருகே குனிந்தான். "வேற எதாவது உளறினே, இந்த வீட்டுல உனக்குன்னு யாரும் கிடையாது. பாத்துக்கோ."

கை கதகதப்பாக இருந்தது. அவளுக்குக் கோபம் வரவில்லை என்பதே அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. பல்பைக் கழற்றியபோது அதைச் சிக்கனம் என்றாள். பட்டன் குவியலைப் பொழுதுபோக்கு என்றாள். கொக்கி விலகியதற்குக் காற்று என்று பெயர் வைத்தாள். அவர்கள் செய்த ஒவ்வொன்றுக்கும் நல்ல பெயராகத் தேடிக் கொடுத்தது தானேதான் என்று இப்போது, ரத்தம் புருவத்தில் இறங்கும்போது, புரிந்தது.

"மேடம், என்னைப் பத்தி என்கிட்டயே கேளுங்க" என்றாள். "ஜன்னலைத் திறந்தது இவன். கொக்கி எடுத்த சத்தம் எனக்குக் கேட்டுது."

"அடிபட்டதுல பேத்தறாங்க" என்றாள் தம்பி மனைவி.

"கண்ணு போனது நோயால. அதுக்கு யாரையும் குத்தம் சொல்ல முடியாது. ஆனா உடம்பு முடியாதவங்க நாலு அடி வெளியில போகக்கூடாதுன்னு வழியை அடைக்கறது நோய் இல்லை, கொடுமை. கூடப் பொறந்தவன் செஞ்சாலும் கொடுமைதான். அதைப் பாசம்னு நினைச்சு வாய மூடிட்டு இருந்தது என் தப்பு."

தம்பியின் விரல்கள் முழங்காலில் நகம் பதிய இறுகின.

"கடைசியாக் கேக்கறேன்க்கா. சொல்றியா, இல்லையா?"

அவள் அந்த விரல்களை ஒவ்வொன்றாக எடுத்து விலக்கினாள்.

"சொல்ல மாட்டேன்பா" என்றாள், மெதுவாக.