அளவுத் துரை போட்ட கோடு

ஆறுமுகக் கங்காணி பொய் பேசுகிற ஆள் அல்லர். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் இந்தக் கதையில் அவர் ஒரு பொய் சொல்லத்தான் போகிறார்.

புக்கிட் பெலண்டோக் பக்கத்து ரப்பர் எஸ்டேட்டில், வரிசை வீடுகளாகக் கட்டிய லயங்களில் முதல் லயத்து முதல் வீடு அவருடையது. வெள்ளைக்காரத் துரை கப்பலேறிப் போய், பங்களாவில் ஜப்பான்காரர்கள் வந்து உட்கார்ந்த பிறகும் கங்காணியின் தலைப்பாகை ஒரு சுற்றுக்கூடக் குறையவில்லை. வேட்டி கிழிந்திருந்தால், கிழிசல் உள்மடிப்புக்குள் போகும்படி கட்டிக்கொண்டு நிமிர்ந்துதான் நடப்பார். சயாமில் ரயில் பாதை போடப் போனவர்களின் வீடுகள் பூட்டிக் கிடந்தன. மிச்சமிருந்த நாற்பது வீடுகளில் அடுப்பு எரிந்தது. அந்த அடுப்புகளில் பெரும்பாலும் வெந்தது மரவள்ளிக்கிழங்குதான். மாதத்துக்கு ஒருமுறை போர்டிக்சன் பட்டணத்திலிருந்து லாரியில் வரும் அரிசி எட்டு நாளைக்குக் காணும். கை இறுக்கமான வீட்டில் பத்து நாளைக்கு.

அந்த வருஷம் பெருமழை ஓய்ந்த கையோடு ஹொரிகாவா வந்து சேர்ந்தார். ஜப்பானில் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்திக்கொண்டிருந்தவரை ஆராய்ச்சிக்கென்று இங்கே அனுப்பியிருந்தார்கள். இடுப்பில் வாள் இல்லை. ஒரு தராசு, ஒரு நாடா, மழைநீர் பிடிக்க ஒரு பித்தளைக் குவளை, மண் போட ஒரு பெட்டி நிறையக் கண்ணாடிக் குப்பிகள். மூன்று வாரத்தில் மழையை அளந்தார், மண்ணை அளந்தார், ரப்பர் மரங்களின் இடுப்பைச் சுற்றி நாடா பிடித்தார். ஒருநாள் இரண்டாம் வீட்டுச் சன்னாசியின் ஆட்டைப் பிடித்துக்கொண்டு போனார். கறிக்குத்தான் என்று சன்னாசி கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது, ஆட்டை எடை போட்டு எழுதிக்கொண்டு, குனிந்து கும்பிட்டுத் திருப்பிக் கொடுத்தார். அன்றிலிருந்து அவருக்கு அளவுத் துரை என்று பெயர்.

மண்ணும் மரமும் ஆடும் முடிந்ததும் மனிதர்களிடம் வந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, எஸ்டேட் கணக்கு எழுதும் கிராணி திருநாவுக்கரசு மொழிபெயர்ப்புக்குக் கூட வர, நோட்டுப் புத்தகத்தோடு முதல் வீட்டு வாசலில் நின்றார். அவர் இங்கிலீஷில் கேட்க, கிராணி தமிழில் சொன்னார்.

“நேத்து சாயந்தரம் இந்த வீட்ல என்ன சாப்பிட்டீங்கன்னு கேக்குறாரு.”

கங்காணியின் வாசலைச் சுற்றி அதற்குள் பாதி லயம் கூடிவிட்டது. முந்தைய நாள் மாலை அந்த வீட்டில் அவித்த மரவள்ளியும் காந்தாரி மிளகாயும். மிச்சமிருந்த அரிசியில் ஒரு சிறங்கை மட்டும் மருமகள் ராக்கம்மாவின் கஞ்சிக்கு. அவள் பிள்ளை பெற்றுப் பதினோரு நாள்தான் ஆகியிருந்தது.

கங்காணி தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“சோறு, சாம்பார், கத்தரிக்காய்ப் பொரியல், ரசம், அப்பளம்.”

உள்ளே அவர் மனைவி வள்ளியம்மாவின் கையிலிருந்து கரண்டி விழுந்த சத்தம் கேட்டது. அளவுத் துரை எழுதிக்கொண்டார்.

அடுத்து சன்னாசி. கங்காணி வீட்டில் அப்பளம் என்ற பிறகு தன் வீட்டிலும் அப்பளம் என்று சொன்னால் அது சரிசமமாக உட்காருவது போல் ஆகிவிடும். “சோறு, சாம்பார், பொரியல், ரசம்,” என்றார். அதற்கடுத்த முருகையா ரசத்தை விட்டார். அவருக்குப் பின்னால் வந்தவர்கள் பொரியலைத் துவையலாக்கினார்கள். இரண்டாம் லயத்தில் சாம்பார் வெறும் புளித்தண்ணியாகி, மூன்றாம் லயத்தில் அதுவும் வற்றியது. கடைசி வீட்டு முத்தாயி, “சோறும் உப்பும்,” என்றாள். தொடுகறி எத்தனை குறைந்தாலும் சோற்றை மட்டும் ஒருவரும் விடவில்லை. வாசலில் நிற்கிற வெளியாளிடம் வீட்டில் சோறு இல்லை என்று எப்படிச் சொல்வது?

மூன்றாம் நாள் திருநாவுக்கரசு முதல் வீட்டுக்கு ஓட்டமும் நடையுமாக வந்தார்.

“கங்காணியாரே, பெரிய சூசாவாப் போச்சு லா, மோசம் போனோம். அந்த மனுசன் கட்டம் போட்ட தாள்ல நம்ம நாப்பது வீட்டையும் புள்ளியா வெச்சு ஒரு கோடு இழுத்திருக்காரு. முதல் வீட்லேருந்து கடைசி வீடு வரைக்கும் கறி படி எறங்குற மாதிரி எறங்குதாம். இப்படி ஒரு நேரான கோட்டை அவர் பொறந்ததுலேருந்து பாத்ததே இல்லையாம். சந்தோசத்துல எனக்கு ஒரு சிகரெட் குடுத்தாரு.”

“சந்தோசப்பட்டா நமக்கு என்ன?”

“கோட்டுக்குக் கீழ எழுதியிருக்கிறத கேளுங்க. நாப்பது வீட்லயும் தினம் சோறு இருக்கு. அதனால இந்த எஸ்டேட்டுக்கு லாரி அரிசி வேணாம், வேற எடத்துக்குத் திருப்பலாம். நாளைக்கு அந்தத் தாள் போர்டிக்சனுக்குப் போகுது.”

கிராணி போனதும் கங்காணி தலைப்பாகையைக் கழற்றிவைத்தார். மாலையில் வள்ளியம்மா அவர் முன்னால் தட்டை வைத்தாள். தட்டில் மரவள்ளி.

“என்னங்க, உங்க பக்கம் சாம்பார் இருந்தா எனக்கும் கொஞ்சம் ஊத்துங்க. கிழங்கு தொண்டையில அடைக்குது.”

“பரிகாசம் பண்ணாத.”

“நான் ஏன் பண்றேன். அப்பளமாவது இந்தப் பக்கம் தள்ளுங்க.” பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “ராக்கம்மாவுக்கு இன்னும் ஏழெட்டு வேளை கஞ்சிக்குத்தான் அரிசி இருக்கு. லாரி வரலைன்னா பச்ச ஒடம்புக்காரிக்கு எதக் குடுப்பேன்?”

கங்காணி கையைக் கழுவிக்கொண்டார். ஜப்பான்காரனிடம் பொய் சொல்லி அகப்பட்டவன் கன்னம் எப்படி வீங்கும் என்பது எஸ்டேட்டில் எல்லாருக்கும் தெரியும். அதற்கு அவர் அஞ்சவில்லை. நாற்பது வீட்டுக்காரர்கள் காதுபட, தம் வீட்டில் சோறு இல்லை என்று தம் வாயால் சொல்ல வேண்டுமே, அதற்குத்தான் அஞ்சினார்.

மறுநாள் காலை பெரட்டுக்கு ஆட்கள் கூடிப் பெயர் கூப்பிடும் நேரத்தில், அளவுத் துரை களத்தின் ஓரத்தில் குவளையில் விழுந்த மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கங்காணி புதிதாகக் கட்டிய தலைப்பாகையோடு நேராக அவர் முன்னால் போய் நின்றார்.

“கிராணியாரே, நான் சொல்றதச் சொல்லுங்க. அன்னிக்கு என் வீட்ல சோறு இல்ல. மரவள்ளிதான்.”

திருநாவுக்கரசு கங்காணியின் பக்கம் குனிந்தார். “வயசாச்சு, ஏதோ மறதியில சொல்லிட்டாருன்னு சொல்லிடட்டா?” என்று காதோடு கேட்டார்.

“மறதியா? எனக்கா? நாப்பது வீட்டுப் பேரையும் தாள் இல்லாம கூப்பிடுற ஆள் நான். பொய்னே சொல்லுங்க.”

கிராணி அப்படியே சொன்னார். அளவுத் துரை மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பையிலிருந்து அந்தத் தாளை எடுத்துப் பார்த்தார். ஏன் என்று கேட்டார்.

“வாசல்ல வந்து நிக்கிறவங்ககிட்ட இல்லைன்னு சொல்ற வழக்கம் எங்க வீட்ல கிடையாது.”

துரை தாளில் இரண்டாம் புள்ளியைத் தொட்டுக்காட்டினார். சன்னாசி முன்னால் வந்தார். “எனக்கும் கிழங்குதான் தொரை. ஆனா கங்காணி அஞ்சு வகைன்னு சொன்ன பிறகு நான் நாலுக்கு மேல போகலாமா? அது மரியாதை இல்ல.”

“அவர் நாலுன்னாரு, நான் மூணோட நின்னேன்,” என்றார் முருகையா.

விரல் கோட்டின் வழியே இறங்கிக்கொண்டே வந்தது; ஒவ்வொருவராக ஒப்புக்கொண்டார்கள். கடைசிப் புள்ளியில் முத்தாயி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். அவள் துரையைப் பார்க்கவில்லை, கங்காணியைப் பார்த்தாள்.

“அண்ணே, அடுத்த தடவை நெய்ச்சோறு, கோழிக் குழம்புலேருந்து ஆரம்பிங்க. நீங்க சாம்பார்லயே ஆரம்பிச்சா, கடைசி வீட்டுக்கு வர்றப்ப உப்புதான் மிஞ்சுது.”

முதலில் சிரித்தது யாரென்று தெரியவில்லை. பிறகு களமே சிரித்தது. முத்தாயி சொன்னதைக் கிராணி மொழிபெயர்த்ததும் அளவுத் துரையும் சிரித்தார். சிரித்துச் சிரித்து, மழைக்குவளை வைத்த மரப்பெட்டியின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். அப்புறம் பென்சிலை எடுத்து, தாளின் தலைப்பில் சாப்பாடு என்று இருந்ததை அடித்துவிட்டு வேறு ஏதோ எழுதினார்.

“கோடு சரியாத்தான் இருக்காம்,” என்றார் திருநாவுக்கரசு. “அவர் அளந்தது சோத்த இல்லையாம். நாம ஒருத்தருக்கொருத்தர் குடுக்குற மரியாதையையாம். அதைத் தனியா எழுதப்போறாராம். சாப்பாட்டுக்கு இனிமே வாயால கேக்க மாட்டாராம், தராசோட வருவாராம்.”

“முதல்ல என் வீட்டுக்கு வரச் சொல்லுங்க,” என்றார் கங்காணி.

அன்று மாலையே தராசு வந்தது. பானையிலிருந்த மரவள்ளியை எடை போட்டார். ராக்கம்மாவுக்கென்று தகரக் குவளையில் வைத்திருந்த அரிசியையும் போட்டார். தட்டில் ஒட்டிக்கொண்ட நாலைந்து அரிசியை விரல் நுனியால் ஒவ்வொன்றாக எடுத்துக் குவளையிலேயே திருப்பிப் போட்டார். கங்காணி அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். நாற்பது வீடும் முடிய இரண்டு மாலை ஆனது. பழைய கணக்கு போர்டிக்சனுக்குப் போகவில்லை. புதியது போனது. அடுத்த வாரம் லாரி வழக்கம்போல வந்து நின்றபோது, மூட்டைகளை எண்ணிப் பார்க்காமலே முத்தாயி குலவை இட்டாள்.

லாரி வந்த மூன்றாம் நாள், அளவுத் துரையைச் சாப்பிட வரும்படி கங்காணி ஆள் அனுப்பினார். துரை கிராணியோடு வந்தார். பழக்கத்தில் தராசையும் தூக்கிக்கொண்டு வந்தார். வள்ளியம்மா வாழை இலை போட்டாள். சோறு வந்தது. கொல்லையில் காய்த்த தட்டைப்பயற்றில் வைத்த சாம்பார் வந்தது. கத்தரிக்காய்ப் பொரியல், ரசம், அப்பளம் வரிசையாக வந்தன. நோட்டுப் புத்தகத்தின் முதல் வரியில் என்ன இருந்ததோ அது அப்படியே இலையில் இருந்தது.

கங்காணி மனைவியை நிமிர்ந்து பார்த்தார். இப்படிச் சமைத்திருப்பது அவருக்கே தெரியாது.

“நீங்க சொன்ன சொல்லு சும்மா கெடக்கக் கூடாதுல்ல,” என்றாள் வள்ளியம்மா. “புளிக்குத்தான் நாலு வீடு ஏற வேண்டியதாப் போச்சு.”

அளவுத் துரை இலையைப் பார்த்தார், புத்தகத்தைத் திறந்து பார்த்தார், மறுபடி இலையைப் பார்த்தார். தராசை எடுக்கவில்லை. அப்பளத்தை ஒடித்து வாயில் போட்டுக்கொண்டு, அந்தப் பழைய வரிக்கு எதிரே பென்சிலால் ஒரு சரிக்குறி போட்டார்.

கங்காணி முதுகை நிமிர்த்திக்கொண்டார். அவருடைய பார்வை அப்பளத்தின் மேல் போய் நின்றது. ஒன்றை ஒடித்து நாக்கில் வைத்துப் பார்த்தார்.

“கிராணியாரே,” என்றார், “அப்பளம் மட்டும் மரவள்ளி மாவு. அதையும் எழுதிக்கச் சொல்லுங்க.”