களத்தில் தங்கிய வீணை

1961ஆம் ஆண்டு மாசி மாதம் விளாத்தியடிக்குளம் குடியேற்றத்துக் களத்தில் நாகேஸ்வரி அம்மா வாசித்த வீணை ஆனி மாதம் வரைக்கும் ஓயவில்லை. வாசித்தவர் மறுநாள் காலை ரயில் கோச்சியிலேயே வீணையையும் தூக்கிக்கொண்டு மல்லாகத்துக்குப் போய்விட்டார். அந்த வருசம் குளம் நிரம்பி வான் பாய்ந்தது, வடக்கு வாய்க்காலோரம் யானை தென்னம்பிள்ளைகளைப் பிடுங்கியது, களத்தில் வீணை தங்கியது. ஊரில் கேட்டால் இந்த வரிசையில்தான் சொல்வார்கள். நம்பாதவர்கள் நம்பவேண்டாம். யானை பிடுங்கியதையே நம்பாத அரசாங்கக் கந்தோர்க்காரர் ஒருவரும் அப்போது இருந்தார்.

நாகேஸ்வரி அம்மாவுக்கு அந்த நேரம் ஐம்பது வயதிருக்கும். வீணை அவருடைய பாட்டனார் காலத்தது: சிறிய குடம், தாழ்ந்த சுருதி, மெழுகில் பதித்த பழைய மெட்டுகள். கூட வாசிக்கும் தம்பி யோகலிங்கத்தின் பிடிலுக்கும் ஆட்டு நரம்பில் திரித்த தந்திதான். ஒரு அறைக்குள் கொஞ்சப் பேர் சுற்றியிருந்து கேட்பதற்கென்று செய்த வாத்தியங்கள் அவை. ஆனால் யாழ்ப்பாணத்துக் கோயில் திருவிழாக்களில் பனைமரத்துக்குப் பனைமரம் ஒலிபெருக்கி கட்டத் தொடங்கியிருந்தார்கள். மற்ற வித்துவான்கள் தடித்த தந்தி மாட்டி, வீணையின் வயிற்றில் மைக்கை ஒட்டிக்கொண்டார்கள். நாகேஸ்வரி அம்மா மாட்டேன் என்றுவிட்டார். மைக்குக்குள் போனால் சத்தம் பெருகும், விரல் இழுப்புச் செத்துப்போகும் என்பது அவர் கட்சி. அதன் பலன், பின்வரிசைக்காரர் "கேக்கேல்லை" என்று கத்தினார்கள், முன்வரிசைக்காரர் தங்களுக்குள் கதைத்துக்கொண்டிருந்தார்கள். கடைசியாக ஒரு கோயிலில் அவர் தானம் வாசித்துக்கொண்டிருக்கும்போதே ஒலிபெருக்கிக்காரன் இசைத்தட்டைப் போட்டுவிட்டான். அன்றைக்கு வீட்டுக்கு வந்து தம்பியிடம் சொன்னார்: "இன்னும் ஒருக்கா வாசிப்பன். அதையும் ஒருத்தரும் கேக்கேல்லையெண்டால் வீணைக்கு உறையைப் போட்டுக் கட்டிவிடுவன். பிறகு நீ என்னோடை அதைப்பற்றிக் கதைக்கப்படாது." அந்த இன்னும் ஒருக்காதான் விளாத்தியடிக்குளம்.

அழைத்தவர் கிராம முன்னேற்றச் சங்கத்துச் செயலாளர் அப்புத்துரை. தீவுப்பகுதியிலிருந்தும் குடாநாட்டிலிருந்தும் வந்து காடு வெட்டிக் குடியேறிய சனத்துக்கு வருசத்தில் ஒரு நாளாவது காதுக்கு நல்லது கிடைக்கவேண்டும் என்று அவருக்கு ஆசை. சங்க மண்டபத்தின் கூரையை மார்கழிக் காற்று கொண்டுபோயிருந்ததால் கச்சேரியைக் களத்தில் வைத்தார். மாடு விட்டுச் சூடு மிதித்து நெல் பிரிக்கிற அந்தக் களம் ஊரிலேயே சுத்தமான இடம். சாணம் மெழுகி, கால் வைத்தால் குளிரும். மிதி நடக்காத பகலில் பெண்களும் அங்கே வந்திருக்கத் தடையில்லை. எல்லாம் சரி. ஆனால் களத்தின் ஓரத்தில் வயல்காரர் நடராசாவின் சூடு இன்னும் மிதிக்காமல் நின்றது. அவருக்குக் காய்ச்சல் வந்து அறுவடை பிந்திவிட்டது. வெட்டிய நெற்கதிரை ஆளுயரத்துக்கு மேல் அடுக்கி, தென்னங்கிடுகால் மூடி வைத்திருந்தார்.

சூடு நிற்கிற களத்தில் வாய்க்குச் சட்டம் உண்டு. நல்ல விளைச்சல் என்று சொல்லப்படாது. சொன்னால் பூதம் கேட்டு அள்ளிக்கொண்டு போய்விடும். போதும் என்றோ முடிந்தது என்றோ சொல்லப்படாது. அளக்கும்போது முதல் மரைக்காலுக்கு ஒன்று என்று சொல்லாமல் லாபம் என்பார்கள். களத்துக்கு வெளியே நின்றும்கூட, எதைப் புகழ்வதென்றாலும் கடைசிச் சூடும் மிதித்து, நெல் வீட்டுக்குப் போன பிறகுதான். இதை விருந்தாளிகளுக்குச் சொல்லவேண்டும் என்று அப்புத்துரைக்குத் தோன்றவில்லை. தண்ணீர் நனைக்கும் என்று வந்தவர்களுக்கு யாராவது சொல்வார்களா?

வெயில் சாய்ந்து வீணை மெட்டுகளின் மெழுகு இறுகட்டும் என்று காத்திருந்து, நாலு மணிக்குப் பிறகு நாகேஸ்வரி அம்மா தந்தியைத் தொட்டார். அறுபது பேர் மட்டில் சுற்றி இருந்தார்கள். இரவில் காவல் கொட்டிலில் இருந்து, காட்டுப்பன்றி வேலிக்கு அப்பால் மூச்சு விடுவதைக் கேட்டுப் பழகிய காதுகள் அவை. மைக் இல்லாத அந்தச் சின்ன ஒலி ஒவ்வொரு காதுக்குள்ளும் முழுதாகப் போய் இறங்கியது. நரம்புத் தந்திப் பிடில் வீணையின் பக்கத்தில் ஒட்டியும் விலகியும் நடந்தது. நடராசாவின் மனைவி நேசமலர் யோகலிங்கத்தின் பக்கமாக இருந்தாள். இந்தக் காட்டுக்கு வந்து பதினோரு வருசத்தில் அவள் வேலையில்லாமல் கீழே இருந்தது அன்றைக்குத்தான். முல்லைத்தீவிலிருந்து சைக்கிளில் கருவாடு கொண்டுவருகிற சூசைப்பிள்ளை மனம் தாங்காமல், நல்லாயிருக்கு என்று சொல்ல வாயெடுத்தார். பக்கத்திலிருந்தவர் எட்டி அவர் வாயைப் பொத்தினார்.

சகானா ராகத்தில் தானம் வாசித்து இறங்கி வரும்போது ஓரிடத்தில் நாகேஸ்வரி அம்மா தந்தியை மீட்டாமலே இழுத்தார். மீட்டிய ஒலி அடங்கி நூலளவு மிஞ்சியிருக்கும்போது, அந்த நூலை விரலால் மேலே கொண்டுபோய் விடுகிற சின்ன வேலை அது. முப்பது வருசமாக அதைச் செய்துவந்தார். வீணை சொல்லிக்கொடுத்த தகப்பனார்கூட அதைக் கவனித்ததில்லை. கூட வாசிக்கிற தம்பிக்கும் தெரியாது. அந்த இடத்தில் அறுபது பேரும் மூச்சை நிறுத்தினார்கள். சூட்டின் மேலிருந்த மைனாவும் வாயை மூடியது. கண்ணை மூடி வாசித்தவருக்கு இது ஒன்றும் தெரியவில்லை.

கண்ணைத் திறந்தபோது அவர் கண்டது அசையாத முகங்களைத்தான். தலையாட்டுவதும் களத்தில் புகழ்ச்சிதான். ஆகவே ஒரு தலையும் ஆடவில்லை, ஒரு கை தொடையில் தாளம் போடவில்லை. போதும் என்று யாராவது சொல்வார்கள் என்று அவர் பார்த்துக்கொண்டே வாசித்தார். போதும் என்று சொல்ல யாருக்கும் வாய் இல்லை. பொழுது குளக்கட்டு மருதமரங்களுக்குக் கீழே இறங்கியபோது அவராகவே நிறுத்தினார். சனம் கை தட்டாமல் எழும்பியது. நேசமலர் கிட்ட வந்து நின்று வாயைத் திறந்தாள். புருசனுடைய சூட்டைத் திரும்பிப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டு ஒரு பை பச்சையரிசியை அவர் காலடியில் வைத்துவிட்டுப் போனாள்.

விடிய அவர்களைப் புளியங்குளம் ஸ்ரேசனுக்கு வண்டியில் கொண்டுபோனவன் நேசமலரின் தம்பி இளையதம்பி. ஸ்ரேசன் தெரியத் தொடங்கியபோது நாகேஸ்வரி அம்மா வீணைக்குச் சிவப்புத் துணி உறையைப் போட்டு இரட்டை முடிச்சுப் போட்டார். "செவிடன் காதிலை ஊதின சங்கெண்டு சொல்லுவினம். நேற்றுத்தான் கண்ணாலை கண்டன்" என்றார்.

"அக்கா, அதுகள் தோட்டந்துரவு செய்யிற சனம்…" என்றார் யோகலிங்கம்.

"அதுகளைக் குறை சொல்லேல்லை தம்பி. என்ரை வாசிப்பு ஒருத்தருக்கும் கேக்காத வாசிப்பு. விளங்கிட்டுது. இனி இந்த உறை கழலாது."

முன்னால் இருந்த இளையதம்பிக்குப் புகழ்ச்சி நாக்கு நுனிவரைக்கும் வந்தது. ஆனால் சூடு நின்றது. அது அக்காவீட்டின் ஒரு வருசச் சோறு. அவன் மாட்டைத் தட்டினான். கோச்சி வந்தது, அவர்கள் ஏறிப் போனார்கள்.

அன்றைக்கு நடராசா சூடு மிதிக்க மாடுகளைக் கொண்டுபோனார். மாடுகள் களத்தின் விளிம்பில் நின்று காதை ஆட்டின. உள்ளே கால் வைக்கவில்லை. என்ன சங்கதி என்று பார்க்க அவர் களத்தில் குந்தினார். குந்தியவுடன் வீணை கேட்டது. எழும்பினார், இல்லை. மறுபடியும் குந்தி இருந்தார், கேட்டது. நின்றால் கேட்காது, இருந்தால் கேட்கும். சனம் இருந்து கேட்டபடியால் அந்த உயரத்தில் தங்கிவிட்டது என்று ஊர் முடிவு கட்டியது. அவரவர் இருந்த இடத்தில் அவரவர் கேட்டது கிடந்தது. நேசமலரின் இடத்தில் பிடில் கொஞ்சம் கூட. பிந்தி வந்தவர்களின் இடத்தில் முதல் உருப்படி இல்லை. நன்றாகக் கேட்டேன் என்று சொல்லித் திரிந்த உபதபாற்கந்தோர்க்காரர் இருந்த இடத்தில் பாதிக்கு மேல் ஒன்றுமே இல்லை, மனிதர் நித்திரை. சோடாப் போத்தல் பார்க்க எழும்பி எழும்பிப் போன அப்புத்துரையின் இடம் எலி கடித்த சாக்குப்போல ஓட்டை ஓட்டையாக இருந்தது. அவர் அதற்காக அழுதார் என்பது உண்மை.

பிறகு செட்டிகுளத்திலிருந்தும் தண்ணீரூற்றிலிருந்தும் சனம் வந்தது. களத்துக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு, எந்த இடத்தில் யார் இருந்தது என்று கேட்டு, நன்றாகக் கேட்டவர்களின் இடமாகப் பார்த்து இருந்தார்கள். வீணை இழுத்த இடங்களில் பெரிய ஆம்பிளைகளுக்கும் மயிர் கூச்செறிந்தது. ஆனால் ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. சூடு நிற்கும்வரை சட்டம் நிற்கும். புகழ்ந்தால் நெல்லைப்போல இதுவும் போய்விடும். ஊர்வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள்; விளாத்தியடிக்குளத்தின் வாய் நாலு மாதம் மூடியே இருந்தது. நடராசா கிடுகை மாற்றி மாற்றிச் சூட்டைக் காத்தார். எலி ஒரு பக்கம் தின்றது. நேசமலர் பின்னேரங்களில் வேலையை முடித்துக்கொண்டு தன் இடத்தில் வந்து இருந்தாள். அந்த ஒரு மணித்தியாலம்தான் தன்னுடையது என்று அவளுக்கு இருந்தது.

வைகாசி கழியும்போது இளையதம்பிக்குப் பொறுக்கவில்லை. அக்காவைக் குளக்கட்டுக்குக் கூட்டிக்கொண்டுபோய், வண்டியில் கேட்டதையும் உறையின் இரட்டை முடிச்சையும் சொன்னான். நேசமலர் வீட்டுக்கு வந்து, சூட்டை மிதிக்கவேண்டும் என்று புருசனிடம் சொன்னாள்.

"மிதிச்சால் இது போயிடுமடி" என்றார் நடராசா.

"போகட்டும். நாங்கள் நாலு மாதமாக் கேட்டிட்டம். அந்த மனுசிக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லை. கேட்ட கடன் கிடக்கெல்லே."

"நீயில்லோ அங்கை போய் இருக்கிறனீ. பிறகு என்ன செய்வாய்?"

"நான் எப்படியாவது இருப்பன்" என்றாள்.

ஆனி முதல் வெள்ளிக்கிழமை மிதி தொடங்குமுன் நேசமலர் முன்னால் நடந்தாள். அவளைப் பார்த்து மாடுகளும் களத்துக்குள் இறங்கின. மிதித்துத் தூற்றி, எலி விட்ட நெல்லை வண்டியில் ஏற்றி வீட்டுக்கு அனுப்பியபோது மத்தியானம் திரும்பியிருந்தது. மாசியில் கேட்ட எல்லோரும் வந்து தங்கள் தங்கள் இடத்தில் இருந்தார்கள். சூசைப்பிள்ளையும் கருவாட்டுப் பெட்டியை வேலியோரம் வைத்துவிட்டு வந்தார். வீணை தொடக்கத்திலிருந்து வந்தது. எந்தெந்த இடத்தில் வாயை அடக்கினார்களோ அந்தந்த இடத்தில் இப்போது சொன்னார்கள். ஆகா என்றார்கள். என்ரை தாயே என்றார்கள். சூசைப்பிள்ளை மாதாவைக் கூப்பிட்டார். சொல்லச் சொல்ல ஒலி நிலத்தைவிட்டு எழும்பியது. இடுப்பளவு, தலையளவு, மருதமர உயரம். கடைசிச் சொல்லும் முடிந்தபோது களம் வெறும் களமாகக் கிடந்தது. நேசமலர் இன்னும் கொஞ்சநேரம் இருந்து பார்த்தாள். சில்வண்டுதான் கத்தியது.

எழும்பிய ஒலி தண்டவாளத்தோடு வடக்கே போனது. மாங்குளத்தில் கைகாட்டிக்காரர் கோச்சி வருகிறதென்று நினைத்துக் கேற்றைப் பூட்டினார். கிளிநொச்சியில் ஸ்ரேசன் மாஸ்ரர் வாங்குப் பலகையில் குந்தி இருந்தபடியால் முழுவதையும் கேட்டார். ஆனையிறவில் உப்பு அள்ளிக்கொண்டிருந்தவர்கள் கூடையை வைத்துவிட்டுப் பாத்திகளின் வரம்பில் இருந்தார்கள்.

மல்லாகத்தில் நாகேஸ்வரி அம்மா சுளகை மடியில் வைத்து அரிசி கொழித்துக்கொண்டிருந்தார். தன் வாசிப்பைத் தானே கேட்டார். சுவரில் மாட்டியிருந்த வீணை உறைக்குள்ளேயே அதிர்ந்தது. ஒவ்வொரு ஆகாவும் விழவேண்டிய இடத்தில் விழுந்தது. அன்றைக்கு விரல் தவறிய ஓர் இடம் இருந்தது. அங்கே எல்லோரும் மரியாதையாகப் பேசாமல் இருந்தார்கள். அவருக்குச் சிரிப்பு வந்தது. பிறகு சகானா வந்தது, இறங்கி வந்தது, மீட்டாமல் இழுத்த அந்த நூலளவு சுரமும் வந்தது. அதன்மேல் அறுபது குரல் ஒன்றாக, அதை மூடிவிடக் கூடாது என்ற பயத்தோடு, மெல்ல ஆகா என்றது. சுளகு மடியிலிருந்து சரிந்து அரிசி நிலமெல்லாம் கொட்டியது.

யோகலிங்கம் ஓடிவந்தபோது அவர் பல்லால் முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தார். "அவைக்குக் கேட்டிருக்கடா தம்பி" என்றார். "அதுவும் கேட்டிருக்கு." எது என்று தம்பிக்கு விளங்கவில்லை. அக்கா அழுகிற அழுகையைப் பார்த்து அவரும் அழுதார்.

அடுத்த மாசிக்கு நாகேஸ்வரி அம்மா யாரும் கூப்பிடாமலே, வருகிறேன் என்று ஒரு கடிதம் மட்டும் போட்டுவிட்டுப் புளியங்குளத்தில் வந்து இறங்கினார். அப்புத்துரை போன வருசத்துப் பிழையைத் திருத்தப் பெரிய ஏற்பாடு செய்திருந்தார்: எல்லாச் சூட்டையும் முன்னதாகவே மிதித்து முடிப்பது, சனம் தாராளமாகக் கை தட்டுவது, தலையாட்டுவது. கடைசியாக நின்றது நடராசாவின் சூடுதான். மாடுகளும் வந்து நின்றன. நாகேஸ்வரி அம்மா களத்தில் வந்து இருந்து, நேசமலரைக் கூப்பிட்டுப் பக்கத்தில் இருத்தினார். நிலத்தைக் கையால் தடவிப் பார்த்தார். பிறகு மாடுகளைப் பிடித்திருந்த நடராசாவிடம் சொன்னார்:

"அண்ணை, மாட்டைக் கொண்டுபோங்கோ. அந்தச் சூடு நிக்கட்டும்."

அதற்குப் பிறகு விளாத்தியடிக்குளத்தில் ஒவ்வொரு வருசமும் ஒரு சூட்டை ஆனி வரைக்கும் மிதிக்காமல் விடுவார்கள். எலி தின்பது தின்றது போக மிச்சம் போதும். ஆனியில் ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் மாங்குளத்தில் கேற்றைப் பூட்டுவார்கள், கிளிநொச்சியில் கைகாட்டியை இறக்கி வீணைக்கு வழி விடுவார்கள். கோச்சிக்காகக் காத்து நிற்கிற சனம் அந்த நேரம் கீழே குந்தி இருந்துகொள்ளும்.