மூன்றாவது இலக்கம்

நூறாவது நாள் கார்டைப் போட்டதும் மெஷின் எண்ணுக்குப் பதிலாக இரண்டு நட்சத்திரத்தை அடித்துத் தள்ளியது. எனக்கு வந்த கோபத்துக்கு அதை நாலு சாத்து சாத்தியிருப்பேன்.

திருவொற்றியூர் தொழிற்சாலையில் எனக்குக் கம்ப்யூட்டர் மெஷினுக்குக் கார்டு துளைக்கிற வேலை. புரோகிராம் எழுதுகிறவர் சௌக்கத் அலி. நானும் கற்றுக்கொள்கிறேன் என்று நச்சரித்ததில், சாப்பாட்டு நேரத்தில் தினம் ஒரு வரி அடிக்க விட்டார். 'லியோனார்ட் கப்பலேறி இத்தனை நாள்.' இங்கிலீஷில்தான் அடிக்கும். சொற்கள் மாறாது. எண்ணுக்கு மட்டும் நடுவில் இடம் விட்டு, எத்தனை இலக்கம் என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். அப்புறம் அன்றன்றைய எண்ணை ஒரு கார்டில் துளைத்துப் போட்டால் போதும். கார்டில் எண்ணுக்கு மூன்று கட்டம். "வலது ஓரமா தள்ளி அடிம்மா, பின்னால காலியா வுட்டா பூஜ்யம்னு எடுத்துக்கும்" என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

அச்சுக்கு நான் இரண்டு இலக்கம் போதும் என்றேன். யோசிக்கவே இல்லை. கப்பலில் எண்ணெய் போடுகிற வேலைக்குப் போன என் வீட்டுக்காரர் ராயபுரம் கோயில் வாசலில் சொன்னது அப்படி. "ரெண்டே மாசம் பிலோமி, ஓடியாந்துடுவேன்."

முப்பதாவது நாள் ஒரு கடிதம் வந்தது. அதோடு சரி, பாவி மனுஷன். துறைமுகத்தில் சங்கு ஊதினால் கையில் கரண்டியோடு வாசலுக்கு ஓடுகிறேன். பாயில் அவர் பக்கம் காலைக்கூட நீட்டுவதில்லை.

சௌக்கத் அலி தாளைப் பார்த்துச் சிரித்தார்.

"இன்னாம்மா, ரெண்டு பேர் குந்துற எடத்துல மூணு பேரைத் தள்ளுனா? எடம் பத்தலன்னா ஸ்டார்தான் போடும். மூணுன்னு மாத்து. தொள்ளாயிரத்து தொண்ணூத்தொம்போது நாள் வரிக்கும் தாங்கும்."

"எனக்கு இன்னாத்துக்கு சார் அவ்ளோ நாளு?" கேட்கும்போதே அழுதுவிட்டேன்.

"வந்துடுவாரும்மா" என்று சொல்லிவிட்டு அவர் டிபன் பாக்ஸை மூடிக்கொண்டு எழுந்தார்.

மூன்று இலக்கம் என்று மாற்றினேன். சரியாக அடிக்கிறதா என்று பார்க்க ஓர் எண் வேண்டும். நூறாவது கார்டு கையிலேயே இருந்தது. அதைப் போட மனசு வரவில்லை. ஒன்று என்று போடலாம் என்று தோன்றியது. அவர் போன மறுநாள். அன்றைக்கு ரெண்டு மாசமும் முழுசாகப் பாக்கி இருந்தது.

கண்ணைத் துடைத்துக்கொண்டே புதுக் கார்டில் அடித்ததில், ஒன்று முதல் கட்டத்தில் விழுந்துவிட்டது. பின்னால் கிடந்த இரண்டு காலிக் கட்டத்தையும் மெஷின் பூஜ்யமாக எடுத்துக்கொண்டது.

தாளில் பளிச்சென்று விழுந்தது: 'லியோனார்ட் கப்பலேறி 100 நாள்.'