சுந்தரம்மாள் வீட்டின் நான்காவது குழி

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையில் எனக்குச் சொந்தமில்லாதது ஒரே ஒரு வாக்கியம். மலைமேல் ஜமுனாமரத்தூர்ச் சந்தையில் தக்காளி பொறுக்கிக்கொண்டிருந்தேன். முதுகுப் பக்கம் ஒரு பெண்குரல் யாரிடமோ சொன்னது: “வூட்டுக்கு அடியில இன்னா கீதுன்னு எனக்குத்தான தெரியும்?” திரும்புவதற்குள் கூட்டத்தில் கலந்துவிட்டாள். முகம் கிடைக்கவில்லை. ஒரு கிலோ தக்காளியும் அந்த வாக்கியமுமாக வீடு வந்து சேர்ந்தேன்.

அவள் வீட்டுக்கு அடியில் என்னதான் இருந்திருக்கும் என்று இரண்டு மாதமாக எழுதி எழுதி அடிக்கிறேன். முதலில் இப்படித் தொடங்கினேன்:

மூலைச் சுவரில் விரிசல் படிக்கட்டுப் போல் இறங்கி

வேண்டாம். விரிசலில் தொடங்கினால் நீங்கள் உடனே மேஸ்திரியைத் திட்டுவீர்கள். ஊரும் அதைத்தான் செய்தது. பிறகு:

அந்தப் புளியமரம் காய்த்த காய்க்கு

இதுவும் வேண்டாம். மரத்தை முன்னாலேயே காட்டிவிட்டால் ரகசியம் போய்விடும். [போய்விட்டதே! சரி, போகட்டும். உங்களிடம் மறைத்து எனக்கு என்ன ஆக வேண்டும்?]

ஒரு வேண்டுகோள், கண்ணுகளா. பகுதி எண்கள் 1, 3, 5, 2, 4 என்று வரும். அச்சுப் பிழையில்லை. வந்த வரிசையிலேயே படியுங்கள். காரணம் நடுவில் சொல்கிறேன்.

3

முகம் கிடைக்காத பெண்ணுக்குச் சுந்தரம்மாள் என்று பேர் வைத்தேன். ஐம்பத்தைந்து வயது. கணவன் இல்லை. சாமை விளைகிற ஒன்றரை ஏக்கர் கொல்லை, சரிவில் ஓர் ஓட்டு வீடு. அந்த வீட்டின் ஒரு மூலை இறங்கிவிட்டது. கதவைச் சாத்த முடியவில்லை, விரிசலுக்குள் கை நுழைகிறது. இரண்டு மேஸ்திரிகள் வந்து பார்த்து, இடித்துவிட்டு வேறு கட்டச் சொல்லிவிட்டார்கள். ஐப்பசி மழைக்கு இன்னும் இரண்டு மாதம். இடித்தால் மறுபடி கட்ட அவளால் ஆகாது. செங்கத்தில் மகள் வீட்டில் போய் ஒண்ட வேண்டும். அவளுக்கு அது வேண்டாம். வீடு நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

மூன்றாவதாக அவள் ஆள் அனுப்பியது காலித் மேஸ்திரிக்கு. ஒடுகத்தூர்க்காரர். பதினோரு வருடத்துக்கு முன் அந்த வீட்டைக் கட்டியவரே அவர்தான். அடுத்த மழைக்கே சுவர் வாயைத் திறக்க, அதற்குப் பிறகு மலையில் ஒருவரும் அவரை வேலைக்குக் கூப்பிடவில்லை.

வந்தார். விரிசலை விரலால் தடவினார். சுந்தரம்மாளின் கொழுந்தன் அர்ச்சுனன் கடப்பாரையோடு நின்றான்.

“பாய், போன வாட்டி சிமெண்ட்டு போட்டீங்களா, திருநீறு போட்டீங்களா?”

“திருநீறு உன் சரக்கு. நான் போட்டது சிமெண்ட்டுதான்.”

“அப்ப இன்னாத்துக்கு வூடு குந்திக்கினு கீது?”

“உன்னைப் பாத்துக் கத்துக்கிச்சு. கடப்பாரைய இப்டிக் குடு.”

5

எழுதும்போது காலித்தின் மேல்தான் எனக்குச் சந்தேகம். வேலை பறித்த வீட்டுக்கு ஒரு மனுஷன் திரும்ப வருவாரா? முதல் வரைவில் அவரை மிகவும் நல்லவராக எழுதியிருந்தேன். அத்தனை நல்லவர்கள் கொத்துக்கரண்டி பிடிப்பதை நான் பார்த்ததில்லை. அடித்துவிட்டுக் கொஞ்சம் கோபம் சேர்த்தேன்.

“உனக்காக வர்ல, தங்கச்சி. நான் எங்க தப்பு பண்ணேன்னு பாக்கணும். அதுக்குத்தான் வந்தேன்.”

இப்போது நம்புகிறேன்.

[எனக்குக் கட்டட வேலை தெரியாது. ஒடுகத்தூரில் பஸ்ஸுக்குக் காத்திருந்த ஒரு மேஸ்திரியைப் பிடித்துக் கேட்டேன். கடைக்கால், அதாவது அஸ்திவாரம், எல்லாம் ஒன்றில்லை என்றார். பாறை மேலேயே ஏற்றின சுவர் இறங்காது. அடியில் தண்ணீர் புகாமல் பார்த்தால் போதும். கெட்டி மண்ணில் கருங்கல் அடுக்கியிருந்தால், கல்லுக்கு நடுவே சாந்து கரைந்த இடத்தைத் தோண்டி அடைக்க வேண்டும். இளகின மண்ணாக இருந்தால் தூண் இறக்க வேண்டும். “எதுமேல நிக்குதுன்னு பாக்காம கைய வெக்காதீங்கம்மா” என்றார். இறங்கின சுவருக்கு மருந்து கேட்டேன். செங்கல் துண்டால் தரையில் வரைந்தார். ஒரேயடியாகத் தோண்டினால் வீடு விழும். மூன்றடி மூன்றடியாக ஐந்து குழி பிரித்து, முதலில் ஒன்று, மூன்று, ஐந்து. அவற்றில் கான்கிரீட் இறுகிய பிறகு இடையில் விட்ட இரண்டும் நான்கும். கதையையும் நான் அப்படியேதான் தோண்டுகிறேன். மொத்தமாகத் தோண்டினால் என் தலையில் விழும்.]

காலித் சுண்ணாம்பால் கோடு போட்டார். நீளச் சுவரில் மூன்று குழி, மூலையில் நான்காவது, பக்கச் சுவரில் ஐந்தாவது.

“முட்டுக் குடுக்க வேணாமா பாய்?” என்றான் அர்ச்சுனன்.

“மூலைக்கு அடியில பாறைடா. நான்தான் அதுவரைக்கும் தோண்டச் சொன்னேன். மேல கல்லுக்கு நடுவுல சாந்துதான் கரைஞ்சிருக்கும், பாறை வூட்டத் தாங்கிக்கும்.”

மூலைக்குப் பக்கத்திலேயே இறங்கித் தோண்ட ஆரம்பித்தார். சுந்தரம்மாள் அடுப்படி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அங்கே பாறை வரை தோண்டவே இல்லை. அங்கே நின்றவர்களில் அது அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

2

வீடு கட்டும் இடத்தில் ஒரு புளியமரம் இருந்தது. வெட்டினார்கள். அடிக்கட்டையைத் தோண்டி எடுத்துவிட்டுப் பாறை வரை போகச் சொல்லி, காலித் பெருநாளுக்கு மலையிறங்கி ஒடுகத்தூர் போனார். சுந்தரம்மாள் புகுந்த வீட்டில் ஒரு வழக்கம்: காய் கொடுத்த மரத்தை வெட்டலாம், அடிக்கட்டையைத் தோண்டக் கூடாது, அதை மண்ணுக்கு விட்டுவிட வேண்டும். அவள் ஆட்களிடம் சொல்லிக் கட்டையைச் சுற்றிக் கல் அடுக்கி மூடிவிட்டாள். திரும்பி வந்தவர் மேலே இருந்த கல்லைத்தான் பார்த்தார். முதல் மழையிலேயே அடுக்கின கல் கொஞ்சம் இறங்கியது, பிறகு வருடா வருடம் கறையானும் ஈரமுமாகக் கட்டையைத் தின்றன. விரிசல் கண்டபோது ஊர் மேஸ்திரியைத் திட்டியது. அவள் வாயைத் திறக்கவில்லை.

ஒரு முடிவு எழுதினேன். இன்றும் அவள் சொல்லவில்லை, சுவர் அவர் மேல்

எழுதிய அன்றே கிழித்துவிட்டேன். இன்னொன்றில் அவள் சொல்கிறாள், அவர் கரண்டியைத் தூக்கிப் போட்டுவிட்டு பஸ் ஏறுகிறார். அதிலும் நியாயம் உண்டு, பிடித்தவர்கள் எடுத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொண்டது இது.

“பாய், மேல ஏறி வாங்க.”

“இன்னா தங்கச்சி?”

“மொதல்ல ஏறி வாங்க.”

ஏறினார்.

“அங்க தோண்டல. புளியங்கட்ட இருந்திச்சு. நான்தான் மூடச் சொன்னேன்.”

காலித் கையிலிருந்த மண்ணைத் தட்டினார். மண் போன பிறகும் தட்டிக்கொண்டிருந்தார்.

“பதினோரு வருசம். எங்க வூட்லயே கேட்டாங்க, சிமெண்ட்டக் கொறச்சிட்டியான்னு.”

அவள் சொல்வதற்கு நான்கு பதில் எழுதிப் பார்த்தேன். நான்கும் சரியில்லை. அடித்துவிட்டேன்.

“அர்ச்சுனன் காதுல விழற மாதிரி இன்னொரு வாட்டி சொல்லு.”

சொன்னாள். பக்கத்துக் கொல்லையில் களையெடுத்தவர்கள் நிமிர்ந்து பார்க்கும்படி சத்தமாகவே சொன்னாள்.

அர்ச்சுனன் தலையைச் சொறிந்தான். “திருநீறுன்னு சொன்னத வாபஸ் வாங்கிக்கறேன் பாய்.”

“வாங்கிக்கினு போயி சவுக்குக் கட்ட எட்டு எத்துக்கினு வா. முட்டுக் குடுத்துட்டுத்தான் இனிமே மம்பட்டியே.”

4

ஒன்று, மூன்று, ஐந்து முடிந்து, இரண்டும் இறுகின பிறகு மூலையைத் திறந்தார்கள். கட்டை காப்பித்தூள் போல் கை கையாக வந்தது. சுந்தரம்மாளே முறத்தில் வாரிக் கொல்லையில் கொட்டினாள். ஐந்தடியில் பாறை தட்டியது. அதன் மேல் கான்கிரீட் ஏற்றிச் சுவரின் அடிவரை இறுக்கினார்கள். ஈரச்சாக்கு போட்டு வைத்தார்கள். புரட்டாசி முடியப் போகிறது. முட்டுக் கொடுத்த எட்டுக் கட்டைகளையும் இனி எடுக்க வேண்டும்.

காலித் முதல் கட்டையை எடுத்தார், சுவர்

இதற்கு மேல் என் கை ஓடவில்லை. ஆறு முறை முயன்றேன். நீங்கள் எடுங்கள். பயப்படாதீர்கள், அடியில் சுத்தியலால் மெதுவாகத் தட்டினால் கட்டை நழுவி வரும். பக்கத்தில் அவர் நிற்கிறார், அர்ச்சுனனும் நிற்கிறான்.

ஒன்று மட்டும் தெரிந்துகொண்டு எடுங்கள். உள்ளே யாரும் இருக்கக் கூடாது என்று காலித் மூன்று முறை சத்தம் போட்டுவிட்டார். சுந்தரம்மாள் வெளியே வரவில்லை. அந்த மூலையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து சாமை புடைத்துக்கொண்டிருக்கிறாள்.

“எத்துடுங்க பாய்,” என்கிறாள் உள்ளிருந்தே. “நீங்க கட்டுனதுதான?”